ஆனி மாதம் எழுந்த பொம்மைகள்

போன வருஷம் எங்கள் வலியசாலைத் தெருவில் நவராத்திரி இரண்டு தடவை வந்தது. முதல் தடவை ஆனி மாதத்தில். பஞ்சாங்கம் போடுகிறவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் முந்தின வருஷமே அச்சடித்து முடித்துவிடுவதால், அப்புறம் நடப்பது எதுவும் அவர்களுக்குத் தெரிவதில்லை. நான் சுண்டல் சாப்பிட்டவன். எனக்குத் தெரியும்.

காரணம் என் தங்கை சரஸ்வதியின் பெண் அனந்தலக்ஷ்மி. டெக்னோபார்க்கில் கண்ணாடிக் கட்டடத்தில் நல்ல வேலையில் இருந்தவள், ஒரு நாள் அதை உதறிவிட்டு ‘வாசல்’ என்ற அறக்கட்டளையில் ப்ரோக்ராம் மேனேஜராகச் சேர்ந்தாள். அது என்ன உத்தியோகம் என்று தெருவில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. கீழைவீட்டு மாமா தன் பேரன் கல்யாணத்துக்கு நாதஸ்வரம் ஏற்பாடு பண்ணித் தரமுடியுமா என்று கேட்டு வந்தார். அவளும் மறுத்துச் சொல்லத் தெரியாமல் ஏற்பாடு பண்ணிக் கொடுத்தாள். நன்றாகத்தான் வாசித்தார்கள்.

உண்மையில் அவள் வேலை வேறு. வீட்டில் இதுவரை யாரும் காலேஜ் படியை மிதிக்காத குடும்பங்களிலிருந்து ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, அவர்களைக் காலேஜுக்குத் தயார்பண்ணுவது. பாடத்தை அவர்களே படித்துக்கொள்வார்கள். பாடத்துக்கு வெளியே இருப்பதுதான் பெரிய பாடம். செமஸ்டர் என்றால் என்ன, ஹெச்.ஓ.டி. என்பது ஆளா வியாதியா, வருகைப் பதிவு குறைந்தால் யார் காலில் விழ வேண்டும், விடுதியில் சாம்பார் நன்றாக இல்லை என்றால் யாரிடம் சொன்னால் பிரயோஜனம் இல்லை, இதெல்லாம். அவளுடைய முதல் தொகுதியில் வித்துராப் பக்கத்துப் பையன் பிரவின்ராஜ், காலேஜில் சேர்ந்த நாளிலிருந்து வாட்ச்மேனைப் பிரின்சிபல் என்று நினைத்து எழுந்து நின்று வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். சீருடை, மீசை, குரல் எல்லாம் அவரிடம்தான் இருந்தன. பின்னால் விசாரித்ததில் அது அவ்வளவு பெரிய தவறு இல்லை என்று தெரிந்தது.

எங்கள் தெருவிலேயே காலியாகக் கிடந்த ஒரு வீட்டின் கூடத்தை வாடகைக்குப் பிடித்து, அங்கேதான் வகுப்பு நடத்தினாள். பயிற்சி இன்டர்வியூ நடத்தும் பொறுப்பை எனக்கும் பக்கத்து வீட்டு ராமசுப்ரமணியனுக்கும் கொடுத்தாள். ராமசுப்ரமணியன் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கேள்வி கேட்பதில் அவருக்கு இணை கிடையாது. ஒரு நாள் பால்காரரிடம், “இது என்னது?” என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அந்த மனிதர், “பாதி வெள்ளம் சாரே” என்று தண்ணீர் கலந்ததை ஒப்புக்கொண்டுவிட்டார். மூன்றாவது நாற்காலிக்கு ஆள் கிடைக்காததால் அதில் என் பழைய கோட்டை மாட்டிவைத்தோம். பிள்ளைகள் எங்கள் இருவரையும்விட அந்தக் கோட்டுக்குத்தான் அதிகம் பயந்தார்கள்.

அந்தக் கோட்டின் முன்னால் வந்து உட்கார்ந்தவள்தான் கௌசல்யா.

அப்பா லிங்கம், வள்ளியூர்ப் பக்கத்துக்காரர். விழிஞ்ஞம் துறைமுகத்தில் கம்பி கட்டுகிற வேலை. கௌசல்யாவுக்குக் கணக்கும் இயற்பியலும் தண்ணீர்பட்ட பாடு. ஊருக்கு வெளியே, வித்துரா போகிற வழியில் ஒரு காலேஜில், விடுதியோடு சேர்ந்த ஐந்து வருஷப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். கடல் விஞ்ஞானம். கடல் விஞ்ஞானத்தைக் கொண்டுபோய் மலையடிவாரத்தில் வைத்தது யார் என்று என்னைக் கேட்காதீர்கள். தள்ளி நின்று பார்த்தால்தான் முழுக்கடலும் தெரியும் என்று நினைத்திருப்பார்கள். மார்க் எல்லாம் போதும் என்று சொல்லிவிட்டார்கள். மீதி இன்டர்வியூதான், அதுவும் அடுத்த வாரம்.

“டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்” என்றார் ராமசுப்ரமணியன்.

கௌசல்யா அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அதுகூடக் கொஞ்சம் நிறுத்திக் கேட்டுப் பார்த்தது. பிறகு, மேஜையில் எங்களுக்கென்று இருந்த தண்ணீரை அவள் எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். கோட்டிடம் “தேங்க் யூ சார்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

“பெயிலாக்கிடட்டுமா?” என்றார் ராமசுப்ரமணியன்.

“கோட்டுக்கு அவளைப் பிடிச்சிருக்கு” என்றேன்.

வாசலில் லிங்கம் நின்றிருந்தார். வேலையிலிருந்து நேராக வந்தவர். மஞ்சள் ஹெல்மெட்டைக் குடைக்குப் பதிலாகத் தலையில் வைத்திருந்தார். மகளின் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. அனந்தலக்ஷ்மியிடம் சொன்னார்:

“டீச்சரம்மா, மழ முடிஞ்சதும் இங்க எங்க வேல தீந்துபோவும். அடுத்தது ஒடிசாலன்னு கம்பெனில சொல்லிட்டாவ. ஆஸ்டலோட எடம் கெடச்சா பிள்ளய இங்க விட்டுட்டுப் போவேன். இல்லன்னா எங்ககூடத்தான் வரணும். வேற எங்கன விட?”

“அங்கே போய்ப் படிக்கட்டுமே” என்றேன் நான்.

“எந்தப் பாஷையில ஐயா? இவ பாதி தமிழ்ல, பாதி மலையாளத்துல படிச்சவ. ஒவ்வொரு ஊர்லயும் பாஷ பிடிபடுததுக்குள்ள பாலம் முடிஞ்சு போயிருது.”

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அனந்தலக்ஷ்மி சிரிக்கவில்லை. கௌசல்யாவை உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்து, “என்ன கௌசி, கேள்வி கஷ்டமா இருந்துதா?” என்று கேட்டாள்.

அனந்தலக்ஷ்மியிடம் மட்டும் அந்தப் பெண்ணுக்கு வாய் திறக்கும். “கேள்வி சாரமில்ல சேச்சி, பரவால்ல. ஆரு ஆருன்னு தெரியல, அதாக்கும். சைட்ல வெள்ளத் தொப்பின்னா எஞ்சினியர், மஞ்சத் தொப்பின்னா அப்பா, பச்சத் தொப்பின்னா சேஃப்டி சார். யாருகிட்ட என்ன சொல்லணும்னு பாத்தாலே தெரியும். காலேஜ்ல எல்லாரும் வெறும் தலையோட இருக்காங்க. எப்பிடிப் பேச?”

இவ்வளவு நியாயமான ஒரு கேள்வியை நான் கேட்டதில்லை. நானே முப்பது வருஷம் ஒரு ஆபீசில், யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று தெரியாமலே இருந்து ஓய்வு பெற்றவன்.

அனந்தலக்ஷ்மி கொச்சியில் இருக்கும் தலைமை ஆபீசுக்குப் போன் பண்ணினாள். அவர்கள் ஒரு பி.பி.டி. அனுப்பினார்கள். அதில் காலேஜ் முழுவதும் சதுரம் சதுரமாக இருந்தது. மேலே ஒரு சதுரம், அதிலிருந்து கோடு, கீழே நாலு சதுரம். கௌசல்யா வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு, “சேச்சி, இந்த டப்பாக்குள்ள யாரு இருக்கா?” என்றாள்.

அந்தக் கணத்தில்தான் அனந்தலக்ஷ்மிக்கு யோசனை வந்தது. டப்பாவுக்குள் ஆட்கள் இருக்கிற ஒரே இடம் அவளுக்குத் தெரியும். அவள் அம்மாவின் பொம்மைப் பெட்டி.

“அம்மா, கொலுப் பெட்டிச் சாவி வேணும்.”

சரஸ்வதி அரிசி களைந்துகொண்டிருந்தாள். “எதுக்கு?”

“கொலு வைக்க.”

“ஆனி மாசத்திலயா? உனக்கென்னடி, பிராந்தா?”

வெளியூர்க்காரர்களுக்கு இதன் கனம் தெரியாது. விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்கவைத்து, மறுநாள் எல்லாவற்றையும் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தால், அடுத்த மகாளய அமாவாசை வரை அவை தூக்கம். இடையில் எழுப்புகிற வழக்கம் எங்கள் தெருவில் கிடையாது. வெள்ளம் வந்தபோதுகூடப் பெட்டியோடு மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்களே தவிர, திறந்து பார்க்கவில்லை.

நான் நடுவில் புகுந்தேன். “சரசு, இதுக்கு முன்மாதிரி இருக்காக்கும். திருநெல்வேலியில நம்ம கொள்ளுத்தாத்தா, மழை பெய்யாத ஒரு வருஷம் ஆனியிலே கொலு வச்சார். அன்னிக்குப் பெஞ்ச மழையில தாமிரபரணி கரையேறி நம்மாத்து வாசல்ல வந்து நின்னு சுண்டல் கேட்டுது.”

“மணியண்ணா, இது நீ இப்போ உண்டாக்கினது.”

“இப்போ உண்டாக்கினதுதான். ஆனா சுண்டல் கேட்டது நெஜம்.”

சரஸ்வதி என்னை விட்டுவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தாள். அங்கே கௌசல்யா, சொட்டுகிற குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“உனக்கென்ன வேணும்டி குழந்தே?”

கௌசல்யா குடையை மறு கைக்கு மாற்றினாள். “காலேஜ்ல ஆரு ஆருன்னு தெரியணும் மாமி.”

சரஸ்வதி காலேஜுக்குப் போனவள் இல்லை. போயிருந்தால் அந்தக் காலேஜ் இன்று வேறு மாதிரி இருந்திருக்கும். ஈரக் கையைப் புடைவையில் துடைத்துக்கொண்டு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள்.

“ஆனா ஒண்ணு. எழுப்பினா முறையா எழுப்பணும். ஒத்தைப்படையில படி கட்டணும். கலசம் வைக்கணும். ரெண்டு வேளை விளக்கு, ஆரத்தி, சுண்டல். தூங்கறதுகளை எழுப்பிப் பட்டினி போடப்படாது, கேட்டயா?”

அந்தச் சுண்டல்தான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் மூலம். ஆனால் அன்றைக்கு யாருக்கும் அது தெரியவில்லை.

‘வாசல்’ கூடத்தில் ஐந்து படி கட்டினோம். மேல் படியில் தசாவதாரம். “இது மேனேஜ்மென்ட்” என்றாள் அனந்தலக்ஷ்மி. “பாக்க பத்துப் பேர் மாதிரி இருக்கும். எல்லாம் ஒரே ஆள்தான்.” அடுத்த படியில் மரப்பாச்சி ஜோடி, பிரின்சிபலும் வைஸ் பிரின்சிபலும். மூன்றாவது படியில் ஹெச்.ஓ.டி.க்கள், அதில் இயற்பியலுக்குத் தஞ்சாவூர்த் தலையாட்டி. “என்ன கேட்டாலும் ஆமான்னு தலையாட்டுவார். அதை நம்பி வந்துடாதே. கையெழுத்து வாங்கிண்டுதான் வரணும்.” அதற்குக் கீழே செட்டியாரும் செட்டிச்சியும், அரிசி பருப்புக் கடையோடு: கேன்டீன். வெண்ணெய் திருடும் கிருஷ்ணனை விடுதிச் சமையலறைப் பக்கம் வைத்தோம். காந்தியை லைப்ரரிக்குப் போட்டோம். அங்கே சத்தம் போட்டால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் வருத்தப்படுவார். கல்யாண ஊர்வல செட் முழுவதும் அட்மிஷன் நாள். போலீஸ்காரர் பொம்மையை வாட்ச்மேனாக்கிக் கடைசிப் படியின் ஓரத்தில் நிறுத்தினோம்.

கௌசல்யா ஒவ்வொரு பொம்மையையும் கையில் எடுத்து, யார், எதற்கு, யாருக்கு மேலே, யாருக்குக் கீழே என்று கேட்டுக் கேட்டு வைத்தாள். பிறகு காகிதத்தில் குட்டிக் குட்டித் தொப்பிகள் செய்தாள். மேனேஜ்மென்டுக்கு வெள்ளை, பிரின்சிபலுக்கு நீலம், ஹெச்.ஓ.டி.க்குப் பச்சை. கூர்மாவதாரத்துக்கு மட்டும் தொப்பி நிற்கவில்லை.

“அது லீவ்ல இருக்கற மெம்பர்” என்றேன்.

படிக்குக் கீழே, பூங்கா வைக்கிற இடத்தில் அவள் ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றிக் கடல் வைத்தாள். லிங்கம் வேலை முடிந்து வந்து, கட்டுக்கம்பியை வளைத்து, சிமென்டைக் குழைத்து, துறைமுகத்தில் அலைக்குக் குறுக்கே போடுகிற நாலுகால் கட்டிகளை விரல்நுனி அளவுக்குச் செய்து கொடுத்தார். அசலில் ஆளுயரத்துக்கு மேலே இருக்குமாம். அவற்றை வைத்துத் தாம்பாளத்துக்குள் அலையைத் தடுக்கிற ஒரு புலிமுட்டு எழும்பியது. லிங்கம் முதலில் செருப்பை விட்டுவிட்டு ஓரமாக நின்றவர், கடைசியில் வராகமூர்த்தியின் தொப்பி சாய்ந்திருப்பதாகச் சொல்லி மேல் படி வரை போய்ச் சரிபண்ணினார்.

விளக்கேற்றினோம். ஆரத்தி காட்டினோம். மழைக்குள் மணிச்சத்தம் தெரு முழுவதும் போனது. கடலைப்பருப்புச் சுண்டல் தாளிக்கிற வாசனையும் போனது.

அகத்தில் விளக்கும் படியும் பொம்மையும் சுண்டலும் இருந்தால் அது கொலு. கொலு என்றால் கூப்பிட வேண்டும் என்று இல்லை, போக வேண்டும். எங்கள் தெரு மாமிகளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. எதிர்வீட்டு மாமி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் பட்டுப் புடைவையில் வந்து நின்றாள். அவள் பட்டுப் புடைவையில் போவதைப் பார்த்து அடுத்த வீட்டு மாமி பட்டுப் புடைவையை எடுத்தாள். நவராத்திரியை நாம்தான் மறந்துவிட்டோமோ என்று பயந்து, மூன்று வீடுகளில் காலண்டரைக் கிழித்துப் பார்த்தார்கள் என்று கேள்வி.

கொலு வைத்தவள்தான் வந்தவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். இதுவும் வழக்கம். கௌசல்யா மாட்டிக்கொண்டாள்.

“இதாருடி, பெருமாளுக்குத் தொப்பி போட்டது?”

கௌசல்யா தரையைப் பார்த்தாள். “மேனேஜ்மென்ட்” என்றாள். எறும்புக்குத்தான் கேட்டிருக்கும்.

“என்னது?”

“மேனேஜ்மென்ட், மாமி.”

“நரசிம்மரா?”

“எல்லாரும்.”

“அப்போ இந்த மரப்பாச்சி?”

“பிரின்சிபல்.”

“பிரின்சிபலுக்கு ஏண்டி மேனேஜ்மென்டைவிட நல்ல சட்டை?”

“மாமி, அவருக்குச் சட்டை மட்டும்தான்” என்றாள் கௌசல்யா. எதிர்வீட்டு மாமி ஒரு கணம் யோசித்துவிட்டு, கழுத்துச் சங்கிலி ஆட ஆடச் சிரித்தாள். அவள் மகன் ஒரு காலேஜில் பிரின்சிபல்.

அப்புறம் மாமிகளை நிறுத்த முடியவில்லை. நீ ஆர் பொண்ணு, எந்த ஊர், அப்பாவுக்கு என்ன வேலை, ஏன் கடல், பொம்மனாட்டி கப்பல்ல போலாமா, இந்தக் கட்டியெல்லாம் ஏன் தாறுமாறா கெடக்கு, ஒழுங்கா அடுக்கப்படாதா. ராமசுப்ரமணியன் ஒரு மூலையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். “நான் இவ்வளவு காலம் வேலை பார்த்தது வீண்” என்று என் காதில் சொன்னார்.

கௌசல்யாவின் குரல் ஒவ்வொரு மாமிக்கும் ஒரு விரற்கடை உயர்ந்தது. மறுநாள் வந்த மாமி ஒருத்தி கட்டிகளை வரிசையாக அடுக்கி வைத்தாள். கௌசல்யா, “மாமி, தொடாதீங்க!” என்று போட்ட அதட்டலில் தலையாட்டிகூடத் தலையாட்டுவதை நிறுத்தியது. “வரிசையா வச்சா அல வந்து முழு பலத்தோட மோதி, அப்பிடியே தள்ளிட்டுப் போயிரும். தாறுமாறா கெடந்தா இடுக்குக்குள்ள புகுந்து புகுந்து சுத்தி, அலையே தளந்து போயிரும். பாருங்க.” தாம்பாளத்தை ஆட்டிக் காட்டினாள். அலை புகுந்தது, சுற்றியது, தளர்ந்தது. மாமி, “எங்காத்து மச்சினன் பொண்டாட்டிகிட்ட நான் பேசற மாதிரியாக்கும்” என்றாள்.

செய்தி பரவியது. சாலைக் கடைத்தெருவிலிருந்து வந்தார்கள். கிள்ளிப்பாலத்தில் பஸ் கண்டக்டர், “கொலு காலேஜ் எறங்ஙு!” என்று கத்தியதை நான் காதால் கேட்டேன். ஒரு தகப்பனார் வந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, காமர்ஸில் இடம் காலியாக இருக்கிறதா என்று விசாரித்தார். இன்னொருவர் விரிவுரையாளர் வேலைக்குத் தன் விவரங்களைக் கொடுத்துவிட்டுப் போனார். கொச்சி ஆபீசிலிருந்து போன் வந்தது. சுண்டல் செலவைக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டார்கள். அனந்தலக்ஷ்மி, “ஸ்டூடன்ட் என்கேஜ்மென்ட்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இன்டர்வியூ நாள் வந்தது. அனந்தலக்ஷ்மி, லிங்கம், நான், கௌசல்யா நால்வரும் காலையில் பஸ் ஏறினோம். காலேஜ் வாசலில் வாட்ச்மேனைப் பார்த்ததும் கௌசல்யா, “கடைசிப் படி” என்று முணுமுணுத்தாள். பச்சைப் புடைவையில் ஒரு அம்மாள் போனதும், “ஹெச்.ஓ.டி.யா இருக்கும்” என்றாள். எனக்குத் தைரியமாக இருந்தது.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். கதவு சாத்தப்பட்டது. நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம்.

அப்புறம் ஒரு சத்தம் கேட்டது. சிரிப்பு. கௌசல்யாவின் சிரிப்பு; அடக்கி, அடக்க முடியாமல், மூக்கு வழியாக வெடித்த சிரிப்பு.

அனந்தலக்ஷ்மி என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. “மணி மாமா, போச்சு.”

லிங்கம் மடியில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டே, “சாரமில்ல டீச்சரம்மா. ஒடிசாவுலயும் கடலு உண்டு” என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் ஒடிசா வரை போய்விட்டு வந்தது.

உள்ளே நடந்ததைக் கௌசல்யா பின்னால் சொன்னாள். மேஜைக்கு அப்பால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் பேராசிரியர் ஞானையன், பாறசாலைப் பக்கத்துக்காரர், இயற்பியல் துறைத் தலைவர். நல்ல மனிதர். ஆனால் அவருக்கு ஒரு பழக்கம். யார் பேசினாலும், பேசாவிட்டாலும், தலை மெதுவாக மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். இவள் உட்கார்ந்தாள். அவர் தலை ஆடியது. இவள் மூன்றாவது படியைப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான்.

“எந்துக்கா சிரிச்சே?” என்று கேட்டார் ஞானையன். தலை ஆடிக்கொண்டே இருந்தது.

முன்பு என்றால் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்திருப்பாள். ஆனால் ஒரு வாரமாக மாமிகளுக்குப் பதில் சொன்ன வாய் அது; கேள்வி வந்தால் சும்மா இருக்கத் தெரியாமல் போயிருந்தது.

“சார், உங்கள எங்க கொலுவுல வச்சிருக்கோம்” என்றாள்.

“என்னையா? எந்தப் படியில?”

“மூணாவது படி சார். பச்சத் தொப்பி. பிசிக்ஸ் ஹெச்.ஓ.டி.”

“மேல ஆரு?”

“பிரின்சிபல். அதுக்கும் மேல மேனேஜ்மென்ட், சார். அவங்களுக்குத் தல ஆடாது.”

இந்த இடத்தில்தான் மற்ற இருவரும் நாற்காலியோடு ஆட ஆரம்பித்தார்கள். சத்தம் எங்களுக்கு வெளியே கேட்டது. மூன்று பேரும் சிரித்தால் அது நல்லதா கெட்டதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அப்புறம் கதவு திறக்கவே இல்லை. தாம்பாளம், அலை, கட்டி, இடுக்கு, ஏன் தாறுமாறு என்று அவர்கள் கேட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள். மேஜைமேல் இருந்த பேனா, கண்ணாடிக்கூடு, ஸ்டேப்ளர் எல்லாவற்றையும் வைத்து அவள் புலிமுட்டுக் கட்டிக் காட்டியிருக்கிறாள். அடுத்துக் காத்திருந்த பையன் டிபனே சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டான்.

ஒரு வழியாக வெளியே வந்தாள். பின்னாலேயே ஞானையனும் வந்தார். “முடிவு நாளைக்குத்தான் அறிவிக்கணும், நான் ஒண்ணும் பறயக்கூடாது” என்றார். தலை மட்டும் ஆடியது. அதை நம்பக்கூடாது என்று எங்களுக்குத் தெரியும். கையெழுத்து வேண்டும்.

“அந்தக் கொலு இப்பவும் உண்டா?” என்று கேட்டார்.

அன்று சாயங்காலமே மனிதர் வலியசாலைக்கு வந்துவிட்டார், மழையில், தனியாக. கூடத்தில் மாமிகள் நிறைந்திருந்தார்கள். அவர் மூன்றாவது படியில் தலையாட்டியைப் பார்த்தார். தலையாட்டி அவரைப் பார்த்தது. இருவரும் வெகுநேரம் ஒருவர் சொல்வதை ஒருவர் ஒப்புக்கொண்டார்கள்.

அதற்குள் சரஸ்வதி சுண்டலோடு வந்தாள். “நீங்கதானா அந்தப் புரொபசர்? எந்த ஊர்?”

“பாறசாலை...”

“அங்கே எங்க?” இது எதிர்வீட்டு மாமி. “குழந்தைகள் எத்தனை? என்ன படிக்கறா? கடல் படிக்கற காலேஜை ஏன் மலையில வச்சிருக்கேள்? இந்தக் குழந்தைக்கு சீட் உண்டா, இல்லையா? தலையை ஆட்டாம சொல்லுங்கோ.”

ஞானையன் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். சுற்றிலும் பட்டுப் புடைவை. முப்பது வருஷமாகக் கேள்வி கேட்டே பழகியவர். அவருக்கு வேர்த்துவிட்டது. கௌசல்யாதான் கூட்டத்துக்குள் புகுந்து, “மாமி, சாருக்குக் கொஞ்சம் வெள்ளம் கொடுங்க. பாவம், ஆரு ஆருன்னு தெரியாம பயந்துட்டாரு” என்றாள். அவர் ஒரே மூச்சில் குடித்தார். குடித்துவிட்டு, எல்லோருக்கும் பொதுவாக, மூலை நாற்காலியில் மாட்டியிருந்த என் கோட்டைப் பார்த்து “தேங்க் யூ” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் அனந்தலக்ஷ்மியின் போனுக்குச் செய்தி வந்தது. இடம் உண்டு. விடுதி உண்டு. கையெழுத்தும் உண்டு. அவள் அதை மூன்று தடவை படித்துவிட்டு, லிங்கத்தைக் கூப்பிட்டாள். லிங்கம் அப்போது துறைமுகத்தில், அசல் புலிமுட்டின் மேல் நின்றிருந்தார். அவர் போட்ட கூச்சலுக்குத் தூரத்தில் நின்ற கப்பல் ஒன்று ஹாரன் அடித்துப் பதில் சொன்னது. போனில் எங்களுக்கே கேட்டது. பிறகு லிங்கம் தணிந்த குரலில், “டீச்சரம்மா, பிள்ளகிட்ட நாந்தான் சொல்லுவேன், நீங்க சொல்லிராதீய” என்றார். ஆனால் கௌசல்யா அனந்தலக்ஷ்மியின் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். போனைத் தன் காதில் வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள்போல, “என்னப்பா?” என்று கேட்டாள். அவர் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் ஆச்சரியப்பட்டாள்.

அன்று ராத்திரி சரஸ்வதி ஒரு பொம்மையைப் படுக்கவைத்தாள். மறுநாள் பெட்டி மூடப்பட்டது. மழை முடிந்து லிங்கமும் மனைவியும் ரயிலேறினார்கள். போகும்போது அவர் தாம்பாளத்துப் புலிமுட்டைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டார். ஒடிசாவில் காட்ட வேண்டுமாம். கொச்சி ஆபீஸ் ‘வாசல்’ நடக்கும் எல்லா ஜில்லாவிலும் கொலு வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. பொம்மை கிடைக்காத ஒரு ஜில்லாவில் ஊழியர்களே படியில் உட்கார்ந்தார்கள் என்று கேள்வி. நான் பார்க்கவில்லை, பார்க்காததை நான் சொல்வதில்லை.

புரட்டாசியில் அசல் நவராத்திரி வந்தது. சரஸ்வதி தன் வீட்டில் வழக்கம்போல் படி கட்டினாள். இந்தத் தடவை தொப்பி கிடையாது. பெருமாள் பெருமாளாக இருந்தார், செட்டியார் செட்டியாராக. பூஜை விடுமுறைக்குக் கௌசல்யா விடுதியிலிருந்து வந்தாள். கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள்; கேன்டீன் கைவரிசை. சுண்டலை வாயில் போட்டுக்கொண்டு படிகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“மாமி, ஒரு தப்பு இருக்கு.”

“என்னடி தப்பு?” சரஸ்வதிக்குத் தன் கொலுவில் தப்புச் சொன்னால் பிடிக்காது.

“வாட்ச்மேன கடைசிப் படியில வச்சிருக்கீங்க. தெரியாம வச்சிட்டோம் அன்னிக்கு. சாயங்காலம் கேட் பூட்டுறது அவருதான். ஒரு நாளு பிரின்சிபலே வெளிய நின்னு கெஞ்சினாரு, நான் பாத்தேன். ஹாஸ்டல்ல எல்லாருக்கும் தெரியும்.”

சரஸ்வதி அவளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து, போலீஸ்காரர் பொம்மையை எடுத்து, மரப்பாச்சியைத் தாண்டி, மேல் படியில் தசாவதாரத்தின் ஓரத்தில் நிறுத்தினாள்.

கல்கி சற்று ஒதுங்கி இடம் விட்டார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.